வசந்தகுமாரிக்குப் பரப்பிய மாவு

சாக்பீஸ் கோட்டை மாவு தாண்டியிருந்தது.

அதிகமில்லை, ஒரு விரல் கனம்தான். வேறு யாராவது பரப்பியிருந்தால் கை தவறிச் சிந்தியது என்று துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். பரப்பியவர் சண்முகசுந்தரம். ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் இரும்புச் சாமான்களைக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, தேறியதற்குப் பச்சைப் பொட்டும் தேறாததற்குச் சிவப்புப் பொட்டும் வைத்தவர். அவர் கை தவறாது. தவறியதாக இதுவரை அவர் எங்கும் ஒப்புக்கொண்டதும் இல்லை.

மத்தியானம் வரை அவர் மனைவி வசந்தகுமாரி கிடந்த நடு அறை அது. கழுவிவிட்ட தரை காய்வதற்காக மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, காய்ந்ததும் நிறுத்தி, ஊதுவத்திப் புகை நேராக மேலே போகிறதா என்று பார்த்து, காற்று அடங்கிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, அவள் தலை இருந்த இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் பச்சரிசி மாவைக் கொட்டி, கொத்தனார்கள் சிமென்ட் தேய்க்கும் மட்டப்பலகையால் இழுத்து இழுத்துச் சமன் செய்து, ஓரத்தில் ரசமட்டத்தை வைத்து அதன் கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நிற்கிறதா என்றுகூடப் பார்த்திருந்தார். பிறகு ஜன்னல் கொக்கியைப் போட எழுந்தார். போட்டுவிட்டுத் திரும்பினார். அவ்வளவு நேரம்தான். மாவு கோட்டுக்கு வெளியே இருந்தது.

வீடு கட்டிய கொத்தனார்மேல் கோபம் வந்தது. தரை வாட்டம் சரியில்லை. அப்போதே சொன்னேன், கேட்டானா? ரசமட்டத்தை வெறும் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அதற்கும் கோபம் வந்தது. வெளியே வந்த மாவைப் பலகை விளிம்பால் உள்ளே தள்ளி, மறுபடி இழுத்து, காலை நேரத்துக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த முக்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து வாசல் கதவைப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

வழக்கம் இதுதான். செத்தவர் தலை இருந்த இடத்தில் பொழுது சாயும்போது மாவு பரப்பி, பக்கத்தில் விளக்கு வைத்து, வீட்டைப் பூட்டிவிட வேண்டும். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. விடிந்து காக்கை கரைந்ததும் திறந்து பார்த்தால் மாவில் தடம் விழுந்திருக்கும். பறவைக் கால், பாம்பு ஊர்ந்த வரி, குழந்தைப் பாதம், எதுவோ அதுதான் செத்தவர் எடுத்த அடுத்த பிறவி. செய்யாறு பக்கம் அவர் ஊரில் சில வீடுகளில் இதைச் செய்வார்கள். திருநின்றவூரின் இந்தத் தெருவில் யாருக்கும் இது தெரியாது. மனை மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கெங்கிருந்தோ வந்து வீடு கட்டியவர்கள். பாதிப் பேர் விடிவதற்குள் ரயிலைப் பிடித்து அம்பத்தூருக்கும் பாடிக்கும் ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள். இவர்களுக்கு ஒரு வழக்கம் இல்லாமல் இருப்பது சண்முகசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தார்.

மாவில் விழுவது யார் கண்ணுக்கும் தெளிவாகத் தெரியாது. கரப்பான் ஓடியிருக்கும், பல்லி விழுந்திருக்கும், எலி மோந்துவிட்டுப் போயிருக்கும். படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் முக்காலியைப் போடச் சொல்லி, அதன்மேல் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, தொழிற்சாலையில் செய்ததையே செய்தார். மனுஷத் தடம் என்றால் பாஸ். பறவை, பசு என்றால் ரீவொர்க், இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம். மீதி எல்லாம் ரிஜெக்ட். மாமியாரை எதிர்த்துப் பேசிய பொன்னியம்மா பல்லி. ரேஷன் கடை வரிசையில் அவரை முந்திக்கொண்டு நின்ற பெரியவர் பன்றி. பாஸானவர் இந்தத் தெருவில் இதுவரை ஒருவரும் இல்லை. அந்தத் தகுதியோடு சாகக்கூடியவர் தெருவில் ஒரே ஒருவர்தான். அவருக்கு இன்னும் சாக நேரம் வரவில்லை.

தடமே விழாவிட்டால் என்ன அர்த்தம் என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். ஆள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம் என்றார். கேட்டவரை மடக்குவதற்காக அந்த நொடியில் வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் அது சாஸ்திரமாகிவிட்டது.

எல்லாச் சாவுக்கும் மாவு இந்த வீட்டிலிருந்துதான் போனது. சலித்துக் கொடுத்தவள் வசந்தகுமாரி. அடுப்படியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பித்தளைச் சல்லடையை இரண்டு கைக்கும் நடுவில் தட்டித் தட்டிச் சலிப்பாள். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடி வளையல் ஒருமுறை மோதும். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். “போறவங்கள வாசல்ல நிறுத்திவெச்சு ஏன் சோதிக்கறீங்க? போகட்டுமே” என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று அவர் விட்டுவிட்டார். கல்யாணமான சில வருஷத்தில், குழந்தை இல்லை என்று போய்க் காட்டியபோது ஒரு டாக்டர் எதையோ சொல்லப்போக, வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த நண்பர்களிடம், “எனக்கு வந்து சேந்தது ரிஜெக்ட் பீஸ்” என்று சொல்லிச் சிரித்தவர் அவர். அவள் அப்போது ரசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். எல்லா இலைக்கும் பரிமாறி முடித்தாள். தம்மையும் சோதித்துப் பார்க்க அந்த டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, போகவும் இல்லை. அளவுகோலைக் கொண்டுபோய் யாராவது அளப்பார்களா?

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டது ஒன்றுதான். எனக்கு மாவு போடாதீங்க.

சரி சரி, பேசாமல் படு என்றார். நேற்று செத்துப்போனாள். இன்று போட்டுவிட்டார். போடாமல் எப்படி? தெருவில் அத்தனை வீட்டுச் சாமானையும் சோதித்தவன், சொந்த வீட்டுச் சாமானை மட்டும் சோதிக்காமல் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டான் என்று பேசமாட்டார்களா? காலையில் தெருவே வந்து நிற்கும். மாவில் நல்ல தடமாக ஒன்று இருந்தாக வேண்டும். பல்லியோ எலியோ குறுக்கே ஓடித் தொலைத்தால், இத்தனை நாள் அவர் சொன்ன தீர்ப்பெல்லாம் அவர் வீட்டு வாசலிலேயே வந்து படுத்துக்கொள்ளும். அவளுக்கு இது புரியாது. உயிரோடு இருந்தபோதே புரியாது.

கொள்ளி வைத்த தம்பி மகன் ரகுநாதன், உறவுக்காரர்கள் எல்லோரையும் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த தன் வாடகை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். வாசலில் ஷாமியானா, மடக்கு நாற்காலிகள், அவர். மத்தியானம் பெய்த ஐப்பசி மழையில் பாடையிலிருந்து உதிர்ந்த சாமந்தியும் பொரியும் சேறாகிக் கிடந்தன. ஷாமியானாவின் தொய்ந்த வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கம் தவளைகள் ஆரம்பித்திருந்தன.

தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமது வந்து உட்கார்ந்தார். பூந்தமல்லிக்காரர், வசந்தகுமாரிக்கு ரவிக்கை தைத்தவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். மகள் ராபியா காலையிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாள் என்றார். எழுந்து போகும்போது பூட்டிய கதவைப் பார்த்தார். இதையும் செய்துவிட்டீர்களா என்று கேட்டார். உங்களில் இதெல்லாம் கிடையாதே, உங்களுக்கு எப்படிப் புரியும் என்றார் சண்முகசுந்தரம்.

“ஆமா சார். எங்கள்ல மண்ணத் தள்ளி மூடிட்டா, அப்புறம் அது அவங்களுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள பேச்சு. நாம நடுவுல நின்னு ஒட்டுக் கேக்கறதில்ல.”

மெதுவாகத்தான் சொன்னார். சண்முகசுந்தரத்துக்குக் காது வரை சூடேறியது. துணி வெட்டுகிறவன் பரலோகம் பேசுகிறான்.

அவர் போனபின் எதிர்வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் வந்தாள். இவளைத்தான் அவர் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வரக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் புருஷன் பாஸ்கரன் பாடியில் லேத் ஓட்டியவன். குடிப்பான். பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலைக் கட்டைத் தூக்கிப் பிடித்து, “ரிஜெக்ட்” என்று சண்முகசுந்தரத்தைப் போலவே சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தான். பின்னால் அவர் நின்றது அவனுக்குத் தெரியாது. அடுத்த வருஷம் லாரியில் அடிபட்டுச் செத்தான். மாவைப் பார்த்து அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. நாய் என்றார்.

தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. பையன்கள் அதைப் பாஸ்கரன் என்று கூப்பிட்டார்கள். முதலில் கல்லெடுத்து அடித்த பஞ்சவர்ணம், பிறகு அதற்குச் சோறு வைத்தாள். பிறகு அது அவள் வாசலில் படுத்தது. சாயங்காலங்களில் அவள் அதனிடம் வீட்டு விஷயங்களைப் பேசுவதைக் கேட்டவர்கள் உண்டு. வசந்தகுமாரி மீதிச் சாதத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போய்க் கொடுத்தாள். அந்த நாய் தெருவில் ஒருவரைப் பார்த்துத்தான் குரைக்கும். சண்முகசுந்தரம் மொபெட்டை எடுக்கும்போதெல்லாம் பின்னாலேயே ஓடிவரும். அவர் சொல்லிவைத்து, நாய் பிடிக்கும் வண்டி வந்தது. சுருக்குக் கம்பி கழுத்தில் விழுந்தபோது பஞ்சவர்ணம் குளித்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியோடு வண்டிக்குப் பின்னால் ஏரிக்கரை வரை ஓடினாள், புருஷன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு. தெரு நின்று சிரித்தது.

இப்போது அவள் ஷாமியானாவுக்குள் வரவில்லை. வெளியே நின்றாள்.

“இன்னா சார், பரப்பிட்டியா?”

பரப்பியாயிற்று, காலையில் எல்லாரோடும் வந்து பார் என்றார்.

“வராம பின்ன? என் ஊட்டுக்கு வந்து முக்காலி போட்டு குந்திகினு பாத்தல்ல நீ. நானும் பாக்கணுமில்ல.”

“மரியாதையாப் பேசு.”

“மரியாதையாத்தான் நைனா பேசறேன். அக்கா ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிகினு சொல்லிச்சு, எனக்கு மட்டும் மாவு போட உட்டுடாதடின்னு. உங்கிட்டயும் சொல்லிகீது. நீ போட்டுட்ட.”

ஆவடிப் பக்கமிருந்து வந்த மின்சார ரயில் கூவிவிட்டுப் போனது. அது அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

“எம் புருசன நாய்ன்ன. சரி, நாய்தான்னு சோறு வெச்சேன். அந்த நாயையும் வண்டில ஏத்திட்ட. செத்தவங்க எங்க போவாங்கன்னு உனுக்குத்தான் தெரியுமே, சொல்லு. நாயா செத்தா எங்க போவாங்க?”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவள் உண்மையாகவே கேட்டாள். பதில் வருமா என்று அவர் வாயையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த குரல் ஒரு வார்த்தையின் நடுவில் அறுந்தது. தெருவிளக்குகள் அணைந்தன. கரண்ட் போய்விட்டது.

இருட்டில், தவளைச் சத்தத்துக்கும் ஷாமியானா சொட்டுக்கும் அடியில், இத்தனை நேரமும் இருந்துகொண்டே இருந்து இப்போதுதான் காதுக்கு எட்டியது போல, இன்னொரு சத்தம். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து. மெல்லியது, ஒரே சீரானது. மணலை முறத்தில் உருட்டுவது போல ஒன்று, அதன் முடிவில் கண்ணாடியும் கண்ணாடியும் தொடுவது போல இன்னொன்று. நிற்கும். மறுபடி வரும்.

எலி என்றார் சத்தமாக. எலி வளையல் போடாது என்பது ஞாபகம் வந்ததும் கோபம் வந்தது. அவளுடைய வளையலைச் சுடுகாட்டில் அவர் கண்ணெதிரேதான் கழற்றினார்கள். எலி மாவில் ஓடினால் காலையில் என்ன ஆகும்? வசந்தகுமாரி எலி என்று பஞ்சவர்ணம் தெருத் தெருவாகச் சொல்லமாட்டாளா? பூட்டைத் திறந்தார். உள்ளே போகக் கூடாது என்று விதித்தவர் அவர்தான். விதித்தவருக்கு விதி கிடையாது.

சத்தம் நின்றுவிட்டது. வீட்டில் பினாயில் வாடை, வதங்கிய ரோஜா மாலை வாடை. அவற்றுக்குள் புதிதாகத் திரித்த அரிசி மாவின் இளஞ்சூட்டு வாசனை. மில்லிலிருந்து தூக்கு வாளியில் கொண்டுவந்ததும் மூடியைத் திறந்தால் வருமே, அது. அவர் பரப்பிய மாவு திரித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

நடு அறைக் கதவைத் தள்ளினார். விளக்கு அசையாமல் எரிந்தது. சாக்பீஸ் கோட்டைக் காணோம். மாவு அதை மூடிக்கொண்டு, விளக்கின் அடி வரை, ஜன்னல் சுவர் வரை வந்திருந்தது. ஒரு படி மாவுதான் கொட்டினார். இது மூட்டைக் கணக்கில் இருக்கும். எங்கும் ஒரே மட்டம். அவர் இழுத்ததைவிட நல்ல மட்டம்.

தடம் எதுவும் இல்லை. எலி இல்லை, பல்லி இல்லை, எறும்பு ஊர்ந்த கோடுகூட இல்லை.

தடம் விழாவிட்டால் ஆள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. சொன்னது அவர்தான். தெருவில் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

உட்கார்ந்து யோசித்தார். பயத்தில் யோசித்ததாக அவர் நினைக்கவில்லை. பொறுப்போடு யோசித்ததாக நினைத்தார். சில சாமான்கள் நல்ல சாமான்களாகவே இருக்கும், குறித்து வைக்கத்தான் ஆள் இருக்காது. குறித்துவிட்டால் போகிறது. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை குட்டிப் பாதம் போடுகிறார்களே, அதே வித்தை. கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அழுத்தினால் பாதம். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. வசந்தகுமாரி வருஷா வருஷம் போடுவாள். குழந்தைக் கால் நடந்தே இராத இந்த வீட்டில் அது ஒன்றுதான் நடந்தது. குழந்தைப் பாதம் என்றால் மனுஷப் பிறவி. தெருவின் முதல் பாஸ். அவர் மனைவி.

மாவுக்குள் ஓரடி வைத்து, குனிந்து, கையை மூடி அழுத்தினார். சில்லென்றிருந்தது. விரல் பொட்டுகளையும் வைத்தார். இடது பாதம், பிசிறில்லாமல் விழுந்தது. கையை உதறிக்கொண்டு, வலது பாதத்தை எங்கே வைக்கலாம் என்று பார்த்தார்.

வலது பாதம் ஏற்கெனவே இருந்தது.

அவர் வைத்ததற்கு அரை எட்டு முன்னால். அவருடையதைவிடச் சரியாக. குதிகாலில் மடிப்புகூட விழுந்திருந்தது.

நான்தான் வைத்தேன், மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்னால் மாவு குழிந்தது. இடது. அவர் கண்ணெதிரே. மேலே ஒன்றும் இல்லை. விளக்கு வெளிச்சம் மட்டும்.

அடுத்து வலது. இது கொஞ்சம் பெரியது. பால்வாடிக்குப் போகும் குழந்தையின் கால். அடுத்தது இன்னும் பெரிது, பாவாடை கட்டிய பெண்ணின் கால். எல்லாம் விளக்கைச் சுற்றிக்கொண்டு அவரை நோக்கித் திரும்பின. அவசரமில்லாமல். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிற நடை.

“வசந்தா” என்றார். “இது எதுக்குன்னு உனக்குத் தெரியும். உன் நல்லதுக்குத்தான்.”

இப்போது விழுந்தது வளர்ந்த காலின் தடம். இரண்டாவது விரலில் மெட்டியின் வளையம். குதிகாலில் பித்தவெடிப்பு, கோடு கோடாக. மழைக்காலத்தில் அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் ஒருநாளும் அந்தக் காலைக் கவனித்துப் பார்த்ததில்லை. இப்போது அடையாளம் தெரிந்தது.

பின்னால் நகர்ந்தார். காலடியில் மாவு. திரும்பிப் பார்த்தார். கதவு வரை மாவு. அவர் உள்ளே வந்த தடம் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

சல்லடைச் சத்தம் மறுபடி தொடங்கியது. அடுப்படியிலிருந்து அல்ல. தலைக்கு மேலே. தட்டு, வளையல். தட்டு, வளையல். வழுக்கைத் தலையில், தோளில், இமையில், மாவு.

முக்காலி முழங்காலில் இடித்தது. சுவரோரம் வைத்தது. இப்போது அறை நடுவில் இருந்தது. ஏறி உட்கார்ந்தார். கால்களை மேலே இழுத்துக்கொண்டார்.

தடங்கள் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றன. இரண்டு பாதம், சேர்ந்தாற்போல். விரல்கள் அவர் பக்கம்.

மெட்டி விரல் லேசாக அசைந்தது. அவர் பேசக் காத்திருப்பது போல. அவர் தீர்ப்புச் சொல்கிறவர்.

நேரம் போனது.

பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த மட்டப்பலகை சரிந்தது. விழவில்லை. மாவில் மெதுவாக உட்கார்ந்தது. நகர்ந்தது. அவர் போட்ட குட்டிப் பாதத்தின்மேல் போனது. அது இல்லை. மற்றவற்றின்மேல் போனது. அவை இல்லை. மூலைக்கு மூலை. முக்காலியின் மூன்று காலையும் சுற்றி. நிதானமாக. கடைசியில் அவள் பாதங்கள்.

மட்டம். சுவருக்குச் சுவர்.

பலகை பழைய இடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டது.

காக்கை கரைந்தபோது அவர் அப்படியேதான் இருந்தார். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, தலை முதல் மடி வரை வெளுத்து. வெளியே செருப்புச் சத்தங்கள் கேட்டன. பூட்டுத் திறந்து கிடக்கிறதே என்று ரகுநாதன் யாரிடமோ சொன்னான். அறைக் கதவு திறந்தது.

தெருவே வந்திருந்தது. அறை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்று மாவைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பிறகு கதவிலிருந்து முக்காலி வரை, முக்காலியிலிருந்து ஜன்னல் வரை பார்த்தார்கள். எப்படி உள்ளே போனார் என்று ஒரு குரல் கேட்டது. யாரும் படி தாண்டவில்லை.

ரகுநாதா, ஒரு பலகை போடு, பாய் இருந்தால் விரி, என்று சொல்ல நினைத்தார். ரகுநாதன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரையும் போல அவன் கண்ணும் முக்காலிக்குக் கீழேயே இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள். தலை குளித்திருந்தாள். கோபமில்லாத குரலில் சொன்னாள்.

“எறங்கி வா சார். பாக்கறோம்.”

விளக்கு எண்ணெய் தீர்ந்து திரி கருகியது. மரத்துப்போன வலது காலை இரண்டு கையாலும் பிடித்து, முக்காலியின் விளிம்பிலிருந்து அவர் கீழே இறக்கினார். மெதுவாக. இன்னும் மெதுவாக. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

கால் தரைக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது. கீழே மாவு அமுங்கத் தொடங்கியது. அது மனுஷப் பாதத்தின் வடிவம் இல்லை.